அமைச்சரிடம் கேள்வி கேட்பது எப்படி? சிங்கப்பூர் நாடாளுமன்றத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் அமர்வு தொடங்கியதும் முதல் ஒன்றரை மணி நேரம் கேள்வி நேரம். 2025 பொதுத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 97 பேர், தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களிலிருந்து வரும் தொகுதியில்லா உறுப்பினர்கள் இருவர், தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்கள் ஆகியோருக்கு இருப்பது இந்தத் தொண்ணூறு நிமிடம்தான். அமைச்சர்களும் அந்த 97 பேரில் அடக்கம் என்பதால் கேட்கிறவர்கள் சற்றுக் குறைவு. ஆனாலும் ஒவ்வோர் அமர்வுக்கும் கேள்விகள் டஜன் கணக்கில் வந்து சேரும். அவற்றில் ஒரு பகுதிக்கே மன்றத்தில் நேரம் கிடைக்கும்.

உறுப்பினரின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர்கள், மக்கள் சந்திப்பில் கடிதம் எழுதிக் கொடுக்கும் தொண்டூழியர்கள், முதன்முறை உறுப்பினரானவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. கேள்வி என்றதும் எதிர்க்கட்சியின் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஆளும் மக்கள் செயல் கட்சியின், அமைச்சர் பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினர்களும் நிறையக் கேட்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் அரசாங்கத்தைச் சட்டம் இயற்ற வைத்த ஒரு கேள்வி அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

எல்லாப் படிகளுக்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. எண்ணோ, தேதியோ, சட்டப் பிரிவோ சொல்லாமல் பதில் தர முடியாதபடி கேள்வி இருக்க வேண்டும். அப்படி இல்லாத கேள்விக்கு வரும் பதில் அமைச்சின் இணையப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும்.

கடிதமா, கேள்வியா?

மக்கள் சந்திப்புக்கு வருகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் தனிப்பட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) வாடகை வீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கும், வேலை அனுமதி புதுப்பிக்கப்படாமல் இருக்கும், அபராதத்தைத் தவணையில் கட்ட அனுமதி தேவைப்படும். இவற்றுக்குக் கழகத்துக்கோ அமைச்சுக்கோ எழுதும் மேல்முறையீட்டுக் கடிதமே சரியான வழி. ஒருவரின் விவகாரத்தை நாடாளுமன்றக் கேள்வியாக்கினால், அவருடைய கோப்பில் உள்ள மற்ற விவரங்களை அமைச்சர் மன்றத்தில் விளக்க வேண்டிய நிலை வரலாம். உதவி கேட்டு வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரே வகைப் புகார் வாரந்தோறும் வெவ்வேறு ஆள்களிடமிருந்து வந்தால், கோளாறு விதியிலேயே இருக்கலாம். அப்போதுதான் கேள்வி. மூன்று விவரங்களைத் தனித் தாளில் குறித்து வையுங்கள்: எந்த விதி, எத்தனை பேர் வந்தார்கள், அமைப்பு தந்த பதிலில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் எது. மூன்றாவதுதான் மிகவும் பயன்படும். நிராகரிப்புக் கடிதங்களில் ஒரே காரணம் மீண்டும் மீண்டும் வந்தால், கேள்வி குறிவைக்க வேண்டிய இடம் அதுவே.

எந்த அமைச்சு?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். புளோக்கில் மின்தூக்கி அடிக்கடி பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். தேசிய வளர்ச்சி அமைச்சரிடம் கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் வீவக புளோக்குகளின் மின்தூக்கிப் பராமரிப்பு நகர மன்றத்தின் பொறுப்பு. நகர மன்றத்தை நடத்துவது அந்த வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களே. கேள்வியைத் தாக்கல் செய்தால் பதில் கேட்டவரிடமே திரும்பி வரும், அதுவும் எல்லாரும் பார்க்க. மின்தூக்கிகளின் பாதுகாப்பு விதிமுறைகளையும் இயக்க அனுமதியையும் கவனிப்பது கட்டட, கட்டுமான ஆணையம். அது தேசிய வளர்ச்சி அமைச்சின்கீழ் வருவதால், விதிமுறை பற்றிக் கேட்கலாம், பராமரிப்பு பற்றிக் கேட்கக் கூடாது.

சில விவகாரங்கள் இரண்டு மூன்று அமைச்சுகளில் சிதறிக் கிடக்கும். வெளிநாட்டு ஊழியர்களை லாரியில் ஏற்றிச் செல்வது அப்படிப்பட்டது. வாகன விதிமுறை போக்குவரத்து அமைச்சிடமும், முதலாளிகளின் கடமைகள் மனிதவள அமைச்சிடமும், போக்குவரத்துக் காவல்துறை உள்துறை அமைச்சிடமும் இருக்கின்றன. உங்களுக்கு முதன்மையாக வேண்டிய தகவலை எந்த அமைச்சு சேகரித்து வைத்திருக்கிறதோ அதற்கே கேள்வியை அனுப்புங்கள். வேறு அமைச்சுக்கு அனுப்பினாலும் அரசாங்கம் அதை உரிய அமைச்சுக்கு மாற்றிக்கொள்ளும், ஆனால் நீங்கள் வலியுறுத்த நினைத்தது அந்த மாற்றத்தில் தளர்ந்துபோகலாம்.

ஏற்கெனவே பதில் வந்துவிட்டதா?

நாடாளுமன்ற நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட் 1955 முதல் இணையத்தில் தேடக் கிடைக்கிறது. கேள்வி எழுதுவதற்குமுன் குறைந்தது ஒரு மணி நேரம் அதில் செலவிடுங்கள். அமைச்சுகளின் இணையத்தளங்களிலும் நாடாளுமன்றப் பதில்கள் தனியாக வெளியிடப்படுகின்றன. பொதுவில் கிடைக்கும் தகவலைக் கேட்கும் கேள்வி ஏற்கப்படாமல் போகலாம். ஏற்கப்பட்டாலும், இன்ன தேதியில் தந்த பதிலைப் பார்க்கவும் என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

தேடும்போது பழைய பதிலின் கடைசிப் பத்தியைக் கூர்ந்து படியுங்கள். “தொடர்ந்து பரிசீலிப்போம்”, “ஆய்வு முடிந்ததும் தெரிவிப்போம்” என்பவை அங்கேதான் இருக்கும். அடுத்த கேள்விக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

வாசகத்தை எழுதுவது

இந்தப் படிக்குத்தான் மிக அதிக நேரம் ஒதுக்க வேண்டும். லாரி எடுத்துக்காட்டையே பார்ப்போம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

“லாரிகளில் ஊழியர்களை ஆபத்தான முறையில் ஏற்றிச் செல்வதை அரசாங்கம் எப்போது நிறுத்தும்?”

உணர்வு நியாயமானது. லாரியின் பின்தளத்தில் உட்கார்ந்து போகிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் பலர். ஆனால் கேள்வி என்ற முறையில் இது தேறாது. “ஆபத்தான முறையில்” என்பது கருத்து, அதை நாடாளுமன்றச் செயலகம் நீக்கிவிடும். “எப்போது நிறுத்தும்” என்பது நிறுத்தப்போவதாக அரசாங்கம் முடிவெடுத்துவிட்டதுபோல் எடுத்துக்கொள்கிறது. பாதுகாப்பு முக்கியம், ஆனால் சிறிய நிறுவனங்களின் செலவையும் வாகன ஓட்டுநர் பற்றாக்குறையையும் பார்க்க வேண்டும் என்ற வழக்கமான பதிலைச் சொல்லி அமைச்சர் உட்கார்ந்துவிடலாம். அந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் உங்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது.

இரண்டாவது வரைவு இப்படி இருக்கலாம்:

“போக்குவரத்து அமைச்சரைக் கேட்பது: (அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும், லாரியின் பின்தளத்தில் பயணம் செய்த ஊழியர்களில் எத்தனை பேர் சாலை விபத்துகளில் காயமடைந்தனர், எத்தனை பேர் இறந்தனர், (ஆ) 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள கூடுதல் நிபந்தனைகளை மீறியதற்காக ஒவ்வோர் ஆண்டும் எத்தனை நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, (இ) ஊழியர்களைப் பேருந்துக்கு மாற்றுவதற்குக் கால வரையறை நிர்ணயிப்பதை அமைச்சு பரிசீலிக்குமா, இல்லையெனில் ஏன்?”

முதல் பிரிவில் “ஒவ்வோர் ஆண்டும்” என்ற இரண்டு சொல்லை விட்டுப் பாருங்கள். ஐந்தாண்டுச் சராசரி ஒன்று வரும், எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அதில் மறைந்துவிடும். “பின்தளத்தில்” என்று சொல்லாவிட்டால், ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தவரும் அதில் சேர்ந்துவிடுவார். இரண்டாவது பிரிவு, லாரியில் மற்றவர்களைக் கவனித்துக்கொள்ளும் துணை ஆள், ஓட்டுநருக்குப் போதிய ஓய்வு முதலிய நிபந்தனைகளைப் பற்றியது. நடப்புக்கு வந்த தேதியைக் கேள்வியிலேயே சொல்வதால், விதி வந்ததற்குப் பிந்திய கணக்கு மட்டும் கிடைக்கும். மூன்றாவது பிரிவின் “இல்லையெனில் ஏன்” என்பது நாடாளுமன்றக் கேள்விகளில் பழகிய வாசகம். அது இல்லாவிட்டால், பரிசீலிக்கவில்லை என்ற ஒற்றைச் சொல்லோடு பதில் முடிந்துவிடலாம்.

எண் கேட்கும்போது எதிலிருந்து எடுத்த எண் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 200 மேல்முறையீடு ஏற்கப்பட்டது என்றால், மொத்தம் 400 வந்ததா 40,000 வந்ததா என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. “பெரும்பாலானவை”, “சிறு விகிதம்” என்ற பதில்கள் வரும் இடமும் இதுதான்.

“இந்தத் தரவை நாங்கள் திரட்டுவதில்லை” என்ற பதிலையும் முன்கூட்டியே நினைத்துப் பாருங்கள். அமைச்சு எந்த வகைப்பாட்டில் கணக்கு வைத்திருக்கிறது என்பதைப் பழைய பதில்களிலிருந்தும் ஆண்டறிக்கைகளிலிருந்தும் கண்டறிந்து அதே வகைப்பாட்டில் கேட்டால் இந்தப் பதிலுக்கு இடமிருக்காது. சில தகவல்கள் எப்படிக் கேட்டாலும் வராது. நாட்டின் மொத்தக் கையிருப்பு எவ்வளவு என்பதை அரசாங்கம் வெளியிடுவதில்லை. அதைக் கேட்பது ஒரு கேள்விக்கான இடத்தை வீணாக்குவது.

உட்பிரிவுகள் மூன்று போதும். நான்கைத் தாண்டினால் அமைச்சர் தமக்கு வசதியான பிரிவுகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்கு மேலோட்டமாகவும் பதில் சொல்லலாம், மன்றத்தில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

எவை ஏற்கப்படாது?

கேள்வி அமைச்சரின் அதிகாரபூர்வப் பொறுப்புக்குள் வர வேண்டும். வாதம், ஊகம், குற்றச்சாட்டு, வசைச்சொல் இருக்கக் கூடாது. கேள்வியைப் புரிந்துகொள்ளத் தேவையில்லாத தனிநபர் பெயர் இருக்கக் கூடாது. “ஒருவேளை இப்படி நடந்தால்” என்ற கற்பனை நிலையைக் கேட்கக் கூடாது. சட்டத்துக்கு விளக்கம் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக் கூடாது. ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் நாடாளுமன்ற நாயகர் (சபாநாயகர்). வாசகத்தைச் சரிபார்ப்பது நாடாளுமன்றச் செயலகம். அவர்கள் திருத்தி அனுப்பும் வாசகத்தில் கேள்வியின் கூர்மை குறைந்திருந்தால் உடனே பேசிச் சரிசெய்யுங்கள். நிகழ்ச்சி நிரலில் அச்சான பிறகு எதுவும் செய்ய முடியாது.

மக்கள் சொன்ன சம்பவம் எதையாவது, அமைச்சர் பதில் சொன்னதும் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்வியிலோ உரையிலோ பயன்படுத்தப் போகிறீர்களென்றால், சொன்னவர் யார், எப்போது, ஆவணம் எது என்று கோப்பில் இருக்க வேண்டும். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் அப்போதைய செங்காங் உறுப்பினர் ரயீசா கான் 2021 ஆகஸ்ட்டில் தாம் நேரில் கண்டதாக மன்றத்தில் சொன்ன ஒரு சம்பவம் உண்மையல்ல என்று பின்னர் ஒப்புக்கொண்டார். 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அவருக்கு 35,000 வெள்ளி அபராதம் விதித்தது. மன்றத்தில் பேசுவதற்காக அவதூறு வழக்கு தொடுக்க முடியாது என்ற பாதுகாப்பு உறுப்பினர்களுக்கு உண்டு. ஆனால் மன்றத்திடம் பொய் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு செல்லாது.

தாக்கல்: நாள் கணக்கும் ஒதுக்கீடும்

ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள்வரை தாக்கல் செய்யலாம். அவற்றில் மூன்றுக்கு மேல் வாய்மொழிப் பதிலுக்கு இருக்கக் கூடாது. முன்னறிவிப்பு ஏழு முழு நாள். முழு நாள் என்றால் தாக்கல் செய்யும் நாளும் அமர்வு நாளும் கணக்கில் வராது. 15ஆம் தேதி அமர்வு என்றால் 8 முதல் 14 வரைதான் அந்த ஏழு நாள், கேள்வி 7ஆம் தேதியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த 7ஆம் தேதி வார இறுதியில் விழுந்தால் வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். செயலகம் திருத்தம் கேட்டால் பதில் சொல்ல அவகாசம் வேண்டும். பொதுமக்கள் நலன் சார்ந்த அவசர விவகாரமென்றால் குறைந்த அவகாசத்திலும் நாயகர் அனுமதிக்கலாம். நாளிதழில் காலையில் படித்ததெல்லாம் அவசரமாகிவிடாது என்பதை நினைவில் வையுங்கள்.

வாய்மொழியா, எழுத்துபூர்வமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். அட்டவணையாக வர வேண்டிய தரவுக்கு எழுத்துபூர்வப் பதில் நல்லது. பத்து ஆண்டுக் கணக்கை அமைச்சர் மன்றத்தில் வாசித்தால் யாருக்கும் மனத்தில் நிற்காது. கொள்கை முடிவு, காரணம், கால வரையறை ஆகியவற்றை வாய்மொழியில் கேளுங்கள், ஏனெனில் துணைக் கேள்வி அங்கே மட்டும்தான் உண்டு. பழகிய அலுவலகங்கள் இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தும்: ஒரு மாதம் எழுத்துபூர்வமாகத் தரவைப் பெற்று, அடுத்த அமர்வில் அந்தத் தரவை வைத்து வாய்மொழியாகக் கேட்கும். இரண்டு மாதம் பொறுமை வேண்டும், ஆனால் இதற்கு நிகரான முறை இல்லை.

வாய்மொழிக் கேள்விக்குத் தாக்கல் செய்தால் கட்டாயம் மன்றத்தில் பதில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் முடியும்போது எட்டப்படாத கேள்விகளுக்கு, நாடாளுமன்ற நடைமுறை விதியான நிலையாணை 22(3)இன்படி எழுத்துபூர்வப் பதில் ஹன்சார்ட்டின் பிற்சேர்க்கையில் வரும். அப்படி வந்தால் துணைக் கேள்விக்கான வாய்ப்பு போய்விடும். அது வேண்டாமென்றால், வேறோர் அமர்வுக்குத் தள்ளிவைக்கச் சொல்லி உறுப்பினர் கேட்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் உங்கள் கேள்வி பின்னால் இருந்தால், தள்ளிவைப்பதா எழுத்துப் பதிலை ஏற்பதா என்பதை முந்தைய நாளே உறுப்பினரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கேள்வி நேரம் முடியும் தறுவாயில் யோசித்தால் தாமதமாகிவிடும்.

மன்றத்தில்

உறுப்பினரின் பெயரை நாயகர் அழைப்பார். உறுப்பினர் எழுந்து கேள்வி எண்ணை மட்டும் சொல்வார். வாசகம் முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை, அது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. பிறகு அமைச்சர் பதில் சொல்வார். அமைச்சருக்குப் பதிலாக மூத்த துணை அமைச்சர், துணை அமைச்சர், நாடாளுமன்றச் செயலாளர் யாராவதும் பதில் சொல்லலாம்.

ஒரே பொருளில் பல உறுப்பினர்கள் கேட்டிருந்தால், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல அமைச்சர் நாயகரின் அனுமதியைக் கேட்பார். இன்னும் பிந்திய அமர்வுக்குத் தாக்கலான கேள்விகளையும் சில நேரம் இதில் சேர்த்துவிட்டு, பதில் போதுமென்றால் அவற்றைத் திரும்பப் பெறலாம் என்பார். இங்கே கவனம் வேண்டும். ஆறு ஏழு கேள்விகளை ஒன்றாகப் பிசையும்போது உங்கள் (ஆ) பிரிவு காணாமல் போகும். உறுப்பினரின் கையில் கேள்வி வாசகத்தின் பிரதியைக் கொடுத்து, பதில் வந்த பிரிவை ஒவ்வொன்றாக அடித்துவரச் சொல்லுங்கள். அடிக்கப்படாமல் மிஞ்சுவதே முதல் துணைக் கேள்வி.

மன்றத்தில் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் நான்கிலும் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. தமிழில் துணைக் கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினர் தயங்க வேண்டியதில்லை. ஆனால் எண்களையும் திட்டங்களின் பெயர்களையும் நிதானமாகச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பில் ஓர் எண் நழுவினாலும் அமைச்சர் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். எழுதி வைத்த பகுதி ஏதும் இருந்தால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்பே போய்ச் சேர்வது நல்லது.

துணைக் கேள்வி

உண்மையான விசாரணை இங்கேதான் நடக்கிறது. முதல் பதிலை அதிகாரிகள் பல நாள் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள், சொல்லுக்குச் சொல் சரிபார்த்திருப்பார்கள். துணைக் கேள்விக்கு அமைச்சர் தமக்குத் தெரிந்ததையும் கையிலிருக்கும் குறிப்புக் கோப்பையும் வைத்துச் சமாளிக்க வேண்டும்.

2021 ஜனவரி 4ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். கொவிட்-19 தொற்றுத் தடங்களைக் கண்டறியக் கொண்டுவரப்பட்ட டிரேஸ்டுகெதர் தரவு குற்றப் புலன்விசாரணைக்குப் பயன்படுத்தப்படுமா, அதற்கான சட்ட விதிகளும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் யாவை என்று மக்கள் செயல் கட்சி உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசா கேட்டிருந்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை எந்தத் தரவையும் பெறலாம், அதில் டிரேஸ்டுகெதரும் அடங்கும் என்று உள்துறை துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் பதிலளித்தார். தொற்றுத் தடமறிதலுக்கு மட்டுமே அந்தத் தரவு பயன்படும் என்று 2020இல் மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பாட்டாளிக் கட்சியின் ஜெரல்ட் கியாம் துணைக் கேள்வியில் அந்த முரண்பாட்டைத்தான் தொட்டார்: தனியுரிமை வாக்குறுதிக்கும் இதற்கும் எப்படிப் பொருந்தும்? மறுநாள் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், முன்பு அப்படிச் சொன்னபோது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று மன்றத்தில் ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 2ஆம் தேதி, அந்தத் தரவை ஏழு வகைக் கடுமையான குற்றங்களின் விசாரணைக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டும் சட்டம் நிறைவேறியது.

ஒரு மாதத்துக்குள் சட்டம் வந்தது. அதைத் தொடங்கிவைத்த கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, அடைமொழி இல்லை. பயன்படுத்துவீர்களா, எந்தச் சட்டப்படி, என்ன பாதுகாப்பு என்று மூன்றே விவரம் கேட்கப்பட்டது. துணைக் கேள்வியும் அரசாங்கத்தின் சொந்த வாக்குறுதியை அதன் பதிலோடு சேர்த்து வைத்தது, அவ்வளவுதான். நாடாளுமன்ற நடவடிக்கைகள் இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாகத் தொடங்கியதும் அதே மாதம்தான் என்பதால், ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படித் தயாராவதற்கு, அமர்வுக்கு முந்தைய இரவு அமைச்சர் சொல்லக்கூடிய பதில்களை நீங்களே எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு வகைதான்: எண் தருவார், சராசரி தருவார், பரிசீலித்து வருகிறோம் என்பார், தரவு இல்லை என்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக் கேள்வியைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பரிசீலனை என்றால், எப்போது முடியும், முடிவுகள் வெளியிடப்படுமா? சராசரி என்றால், கடைசி ஆண்டின் எண் மட்டும் எவ்வளவு? அமைச்சர் பதில் சொல்லி உட்காரும்போது உறுப்பினர் சரியான தாளை எடுத்தால் போதும்.

நடைமுறையில் ஓர் உறுப்பினர் ஒரு முறை எழுந்து இரண்டு துணைக் கேள்விகள் கேட்பார். இரண்டும் சேர்ந்து அரை நிமிடத்துக்குள் முடிவது நல்லது. முன்னுரை நீண்டால் கேள்விக்கு வருமாறு நாயகர் குறுக்கிடுவார், அதன்பின் பதற்றத்தில் கேள்வியே குழம்பும். வலுவானதை முதலில் கேளுங்கள். இரண்டு கேட்டால் எளிதானதற்கு விரிவாகப் பதில் சொல்லிவிட்டு மற்றதை அமைச்சர் விட்டுவிடுவது உண்டு. கனமான கேள்வி ஒன்றே இருந்தால் அதை மட்டும் கேட்டு உட்காருங்கள்.

அமைச்சர் எதிர்க்கேள்வி கேட்கலாம், அதற்கும் தயாராக இருங்கள். 2020 ஜனவரியில் வேலைவாய்ப்பு வளர்ச்சியில் சிங்கப்பூரர்கள் எத்தனை பேர், நிரந்தரவாசிகள் எத்தனை பேர் என்று பிரித்துத் தருமாறு பாட்டாளிக் கட்சியின் பிரித்தம் சிங் கேட்டபோது, இந்தக் கேள்வியின் நோக்கம் என்ன என்று அப்போதைய வர்த்தக, தொழில் அமைச்சர் சான் சுன் சிங் திருப்பிக் கேட்டார். அந்த நேரத்தில் உறுப்பினர் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்: இந்த எண் தெரிந்தால் எந்த முடிவை மதிப்பிட முடியும் என்பதை. அந்த வாக்கியத்தையும் முந்தைய இரவே எழுதி வைத்துவிடுங்கள். அது எழுத வரவில்லை என்றால் கேள்வியே இன்னும் தயாராகவில்லை.

மற்ற உறுப்பினர்களின் கேள்விகளுக்கும் துணைக் கேள்வி கேட்கலாம் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நிகழ்ச்சி நிரல் வந்ததும் உங்கள் பொருளைத் தொடும் மற்ற கேள்விகளைக் குறித்து வையுங்கள். உங்கள் கேள்வி நாற்பதாவது இடத்தில் இருந்து, அதே பொருளில் இன்னொருவரின் கேள்வி மூன்றாவதாக இருந்தால், உங்கள் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி போதாதபோது

அரை நிமிடத்தில் சொல்ல முடியாத விவகாரத்துக்கு ஒத்திவைப்புத் தீர்மானம் உண்டு. அமர்வின் முடிவில் உறுப்பினர் 20 நிமிடம் பேசலாம், அமைச்சருக்குப் பதில் சொல்ல 10 நிமிடம். வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின் ஒவ்வோர் அமைச்சின் செலவின ஒதுக்கீட்டையும் விவாதிக்கும்போது, அந்த ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று பெயரளவுக்கு ஒரு வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்து, அதன்மேல் பேசலாம். ஆண்டு முழுவதும் எழுத்துபூர்வக் கேள்விகளால் சேர்த்த எண்கள் அந்த விவாதத்தில் கைகொடுக்கும்.

பதில் வந்த பிறகு

பல அலுவலகங்கள் இங்கே கோப்பை மூடிவிடுகின்றன, அது வீண். கேள்வி நேரத்தின் காணொளியை அன்று மாலையே பார்த்து, அமைச்சர் சொன்ன வாக்குறுதிகளைச் சொன்ன வாசகத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஹன்சார்ட் வெளிவந்ததும் அதனோடு ஒப்பிடுங்கள். பேச்சில் வந்த துணைக் கேள்விப் பதில்கள் அமைச்சின் இணையத்தளத்தில் பெரும்பாலும் இருக்காது, முன்கூட்டி எழுதிய பதில் மட்டும்தான் இருக்கும். எனவே மேற்கோள் காட்ட ஹன்சார்ட்டையே பயன்படுத்துங்கள்.

பிறகு ஓர் அட்டவணை. ஐந்து நெடுவரிசை போதும்: கேள்வி, பதில் வந்த தேதி, வாக்குறுதியின் வாசகம், சொன்ன கெடு, மறுபடி கேட்க வேண்டிய மாதம். ஆண்டு நடுவில் முடியும் என்று சொன்ன ஆய்வைப் பற்றிச் செப்டம்பரில் கேளுங்கள். கேள்வியின் தொடக்கத்தில் அமைச்சர் இன்ன தேதியில் அளித்த பதிலைத் தொடர்ந்து என்று எழுதினால், அமைச்சு அதிகாரிகள் பழைய கோப்பை எடுத்தே ஆக வேண்டும். அரசாங்கத்தின் நிலைப்பாடு சிறிது சிறிதாக மாறுவது இந்த இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில்தான் தெரியும். முதல் பதிலில் “திட்டமில்லை”, ஓராண்டு கழித்து “ஆராய்ந்து வருகிறோம்” என்று வந்தால், அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

மக்கள் சந்திப்பில் அந்தப் பிரச்சினையைக் கொண்டுவந்தவர்களுக்கும் பதிலின் பிரதியை அனுப்புங்கள். புரியும் மொழியில் நான்கு வரிச் சுருக்கம் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. பதிலில் இருக்கும் ஓட்டையை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவர்களே. “கவுன்டரில் அப்படிச் சொல்லவில்லையே” என்று அவர்கள் திரும்பி வந்து சொன்னால், தேதியையும் பேசிய அதிகாரியின் பதவியையும் குறித்துக்கொண்டு அடுத்த வரைவைத் தொடங்குங்கள்.